சிவப்புத் தொப்பி ஜெயித்த வருஷங்கள்

நான் பொறாமைக்காரி. ஐம்பத்தாறு வயதுக்கு மேல் இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? சவுதியில், அல் கோபாரில் என்னோடு ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் வந்த உங்களில் பாதிப்பேருக்கு இது அப்போதே தெரியும். இப்போது நீங்கள் துபாயிலும் தோஹாவிலும் சென்னையிலுமாகப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். முழங்கால் வலிக்கு என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று நம் வாட்ஸப் குரூப்பில் கேட்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருத்தி, "வெள்ளிக்கிழமை பேஸ்பால் ஞாபகம் இருக்கா? உங்க வீட்லதானே போடுவாங்க, ஆளுக்கொரு கலர் பாட்டில் குடுப்பாங்களே" என்று போட்டிருந்தாள். ஆளாளுக்குச் சிரிக்கிற முகம் போட்டீர்கள். நான் மட்டும் பதில் போடவில்லை. ஒரு வரியில் போடுகிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு என்று நீங்கள் நினைத்தது எங்கள் வீடு இல்லை. சாச்சாவின் கம்பெனி கொடுத்த ஃபிளாட். சாச்சா என் வாப்பாவின் தம்பி. அமெரிக்கர்கள் குடியிருந்த ஒரு கேம்பில் பொழுதுபோக்கு ஹாலைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. பில்லியர்ட்ஸ் மேசையைத் துடைப்பார், சினிமா போடுவார், வீடியோ கேசட்டுகளை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைப்பார். வாப்பா சூக்கில், அதாவது கடைத்தெருவில், ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். அவருக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, அந்த கஃபீல், குடும்பத்துக்கு வீடு கொடுக்கிற ஆள் இல்லை. ஆகவே அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமுமாக அந்த ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். ஒரு ரூம் அவர்களுக்கு, ஒரு ரூம் எங்களுக்கு, ஹால் எல்லாருக்கும்.

சாச்சாவுக்கு ஒரே மகள். வாப்பாவுக்கு நான் ஒருத்தி. அவளைவிட நான் ஐந்து மாதம் மூத்தவள். அந்த ஐந்து மாதத்தால் எனக்குக் கிடைத்த லாபம், அவள் என்னை ராத்தா என்று கூப்பிட்டது மட்டும்தான். மற்ற எல்லாம் அவளுக்குத்தான் கிடைத்தது. முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். இங்கிலீஷ் டீச்சர் அவள் நோட்டை எடுத்து வகுப்புக்கே காட்டுவார். இத்தனைக்கும் மேல் அவள் நல்லவள் வேறு. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வயிற்றெரிச்சல் என்று எல்லாரும் பேச்சுக்குச் சொல்கிறார்கள். எனக்கு நிஜமாகவே எரியும். தொப்புளுக்கு மேலே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. உம்மா அதை வாயு என்று நினைத்து எனக்கு லபன் வாங்கிக் கொடுப்பார். அந்த வருஷம் நான் குடித்த மோரை வைத்து ஒரு பந்தியையே முடித்திருக்கலாம்.

அந்த வருஷத்துக்கு ஒரு விசேஷம் இருந்தது. ஊரில் வாப்பாவும் சாச்சாவும் சேர்ந்து ஒரு வீடு கட்டி முடித்திருந்தார்கள். கட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. கரையான் ஏறுகிறது, யாராவது வந்து குடியிருங்கள் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்துகொண்டிருந்தது. அடுத்த லீவுக்குப் போகும்போது இரண்டு குடும்பத்தில் ஒரு தாயும் மகளும் ஊரிலேயே தங்கிவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். உம்மாவும் நானுமா, சாச்சியும் அவளுமா என்பதுதான் பாக்கி. மூத்தவர் என்பதால் வாப்பா சொல்வதுதான் முடிவு. சாச்சி தன் தங்கச்சிமாரை நினைத்து அடிக்கடி மூக்கைச் சிந்துகிறவர். அதனால் அவர்கள்தான் போவார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பி நிம்மதியாக இருந்தேன்.

எனக்கு கோபாரை விட்டுப் போக மனமில்லை. ஏசி, பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். வாப்பா அங்கே இருந்தார். மத்தியானம் சூக்கை மூடுவார்களே, அப்போது வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். என் தலையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். அவர் சட்டையில் புதுத்துணிக் கஞ்சி வாசம் அடிக்கும். ஊருக்குப் போனால் அந்தக் கை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு மாதம்.

இனி பேஸ்பாலுக்கு வருகிறேன்.

சாச்சா கேம்பில் ஹாலுக்குப் பொறுப்பாக ஒரு அமெரிக்கர் இருந்தார். சாச்சா அவரைப் பெரிய மிஸ்டர் என்பார். அவருடைய ஊரில் ஒரு பேஸ்பால் அணி. ஆட்டக்காரர்கள் எல்லாம் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். இங்கிலீஷ் பெயர் நம் வாயில் நுழையாததால், நம் பில்டிங்கில் அதற்குச் சிவப்புத் தொப்பி என்று பெயர். பெரிய மிஸ்டர் பிறந்ததிலிருந்து அந்த அணி கோப்பையைத் தொட்டதில்லை. அவர் ஊரில் இருந்தவரைக்கும் தோற்றுக்கொண்டே இருந்துவிட்டு, அவர் பாலைவனத்துக்கு வேலைக்கு வந்த முதல் வருஷமே ஜெயித்துவிட்டது. "நான் இல்லாத வருஷமாப் பாத்து ஜெயிக்கிறானுவ" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். சாச்சா அதை நடித்துக் காட்டும்போது எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அந்த மனுஷனை ரொம்பப் புரிந்தது.

அந்த முதல் வருஷக் கேசட்டுகள் பாதிதான் வந்து சேர்ந்தன. மிஸ்டரின் தம்பி டிவியிலிருந்து பதிந்து அனுப்பியவை. மீதி வழியில் எங்கே போயின என்று தெரியவில்லை. இரண்டாம் வருஷமும் சிவப்புத் தொப்பியே ஜெயித்தது. கேசட்டுகளும் முழுசாக வந்தன. அங்கேதான் சாச்சா ஒரு பெரிய தப்பைச் செய்தார்.

மேட்சுக்கு நடுவே பீர் விளம்பரம் வரும். அதை கேம்ப் ஹாலில் ஓட விடக்கூடாது. வெட்டுகிற வேலை சாச்சாவுடையது. ஒரு மெஷினில் அசலைப் போட்டு இன்னொரு மெஷினில் நகல் எடுக்க வேண்டும். பீர் வந்ததும் பதிவை நிறுத்த வேண்டும், போனதும் தொடர வேண்டும். கடைசி மேட்சின் கடைசிக் கட்டத்தில் பீர் வந்தது, சாச்சா நிறுத்தினார், தொழுகைக்கு பாங்கு கேட்டது, எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தபோது சிவப்புத் தொப்பிக்காரன் அடித்த அடி, கோப்பை, கொண்டாட்டம் எல்லாம் போயிருந்தன. அதைக் கவனிக்காமல் மிச்சத்தை மட்டும் பதிந்தார், அந்த நகலைத்தான் ஹாலில் போட்டார்கள். மேட்ச் உச்சத்தில் நிற்க, அடுத்த நொடி ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு குட்பை சொல்கிறான். அறுபது அமெரிக்கர்கள் ஒரே குரலில் கத்தியதாகச் சாச்சா சொல்வார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஊருக்கு டிக்கெட்தான் என்று மிஸ்டர் சொல்லிவிட்டார்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது வருஷம். ஏழு மேட்ச், அதில் நாலு ஜெயித்தவனுக்குக் கோப்பை. வாரத்துக்கு ஒரு கேசட். வியாழக்கிழமை கேம்ப் ஹாலில் அமெரிக்கர்களுக்குப் போட்டு முடித்த பிறகு, வெள்ளிக்கிழமை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போகச் சாச்சாவுக்கு அனுமதி உண்டு. ஜும்ஆ முடிந்து, நெய்ச்சோறும் கறி ஆணமும் ஆகி, ஹாலில் பாய் விரித்து எல்லாரும் உட்காருவோம். கீழ்த்தளத்து பேச்சிலர்கள், உங்கள் வாப்பாமார்கள், நீங்கள், அப்புறம் சாச்சா கேம்பின் டைம்கீப்பர். வேலைக்காரர்கள் வருவது போவதைக் குறித்துப் பெரிய மிஸ்டரிடம் கொடுக்கிறவர்; ஹைதராபாத்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பெண்கள் ரூம் வாசல் திரைக்குப் பின்னால். "மட்டையத் தூக்கி எறிஞ்சிட்டு ஓடுறானே, எவனாச்சும் எடுத்துட்டுப் போயிர மாட்டானா?" என்று உம்மா ஒவ்வொரு வாரமும் கவலைப்படுவார்.

முடிவை யாரும் முன்னாலேயே சொல்லக்கூடாது என்பது சட்டம். சொன்னவன் எல்லாருக்கும் ஒரு பெட்டி கலர் வாங்கித் தர வேண்டும். சாச்சாவுக்கு மட்டும் முடிவு தெரியும். அவர் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சாச்சா வாக்கு மாறாதவர் என்பது பில்டிங் முழுக்கத் தெரிந்த விஷயம்.

முதல் வெள்ளிக்கிழமை, கீழ்த்தளத்து பேச்சிலர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். "ஏ புள்ள, இன்னைக்கு யாரு ஜெயிப்பா?"

சாச்சா மகள் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்துவிட்டு, "சிவப்புத் தொப்பி" என்றாள்.

ஜெயித்தது. அடுத்த வாரமும் அவளைக் கேட்டார்கள். "இன்னைக்குத் தோத்துரும்" என்றாள். "ஏன் புள்ள வாய வைக்கிற" என்று சத்தம் போட்டார்கள். தோற்றது. மூன்றாம் வாரம் ஜெயிக்கும் என்றாள், ஜெயித்தது. நாலாம் வாரம் கேசட்டைப் போடுவதற்கு முன்னால் ஹாலே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. டைம்கீப்பர்கூட "போலோ பேட்டி, போலோ" என்றார், சொல்லு மகளே என்று.

அப்புறம் அது பேஸ்பாலோடு நிற்கவில்லை. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக ஊரில் இருந்த ஒரு பேச்சிலர், என்ன பிள்ளை என்று அவளைக் கேட்டார். ஏதோ ஒன்று சொல்ல வேண்டுமே என்று "ஆம்புளப் புள்ள" என்றாள். பத்து நாளில் தந்தி வந்தது, ஆண் பிள்ளை. அவ்வளவுதான். லீவு எப்போது கிடைக்கும், விசா வருமா வராதா என்று வரிசையாக வந்துவிட்டார்கள். அவள் பதில் சொல்லத் தெரியாமல் சாச்சியின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அந்த அடக்கத்தையும் பாராட்டினார்கள்.

ஒரு நாள் வாப்பா கடைக்குப் புதுத் துணிப் பேல் வந்திருந்தது. அதைப் பிரிக்க அவளைக் கூட்டிக்கொண்டு போனார். "ராசியான கை" என்று அவள் கையைப் பிடித்துக் கட்டின் முடிச்சில் வைத்து அவிழ்க்கச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். எனக்கும் இரண்டு கை இருந்தது. அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடந்துவிட்டது, அதுவும் அவள் கணக்கில்தான் போயிற்று. மத்தியானம் படுக்கும்போது வாப்பா உம்மாவிடம் சொன்னார். "தம்பி மவ இங்ஙனயே இருக்கட்டும்னு தோணுது. ராசிக்காரப் புள்ள." நான் அவர் கைமேல் தலை வைத்துத் தூங்குகிற மாதிரிப் படுத்திருந்தேன். அன்றைக்கு எரிந்த எரிச்சலை லபன் தணிக்கவில்லை.

பெரிய மிஸ்டர் அவளுக்கு ஒரு தோல் கையுறை கொடுத்தனுப்பியிருந்தார். பந்து பிடிக்கிறவர்கள் இடது கையில் மாட்டுவார்களே, அது. பழுப்பு நிறம், பெரிய சைஸ், உள்ளே கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அவள் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவி, தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பாள். கடையில் பேல் பிரித்த அன்று சாயங்காலம் நான் அதை எடுத்து, பால்கனியில் துணி ஊறப்போட்டிருந்த வாளிக்குள் அமுக்கிவிட்டேன். மறுநாள் வெயிலில் அது காய்ந்து வற்றல் மாதிரி சுருங்கிக்கொண்டது. சாச்சி கண்ணை உருட்டிக்கொண்டு என் பக்கம் திரும்புவதற்குள், "நாந்தாம்மா மறந்து வாளியில போட்டுட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும். என்னைப் பார்க்காமலேதான் சொன்னாள். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட நான் அவளை அவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதன்கிழமைதோறும் டியூட்டி முடிந்து வந்ததும் சாச்சா அவளை ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். இங்கிலீஷ் பாடம் என்று சாச்சி சொல்வார். என்னை ஒரு நாளும் அந்தப் பாடத்துக்குக் கூப்பிட்டதில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஐந்து மேட்ச் முடிந்தபோது சிவப்புத் தொப்பி மூன்று ஜெயித்திருந்தது. இன்னும் ஒன்று போதும். அந்தப் புதன்கிழமை உம்மா என்னைக் காய்ந்த துணியை எடுத்து வரச் சொன்னார். பால்கனி இரண்டு ரூமுக்கும் பொது. சாச்சா ரூமின் கண்ணாடிக் கதவில் திரை சரியாக மூடாமல் நாலு விரல் இடைவெளி இருந்தது. பார்த்தேன்.

கட்டில்மேல் இரண்டு வீடியோ மெஷின், ஒரு சின்ன டிவி. சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார்கள். சாச்சா பட்டனில் விரலை வைத்துக் குனிந்திருக்க, அவள் நோட்டில் மெஷினின் நம்பரை எழுதிக்கொண்டிருந்தாள். "வாப்பா, பீரு! நிப்பாட்டுங்க!" என்றாள். அவர் நிறுத்தினார். "போயிருச்சு, இப்பப் போடுங்க" என்றாள். போட்டார். கண்ணாடி வழியாக அது லேசாகக் கேட்டது. போன வருஷம் மாதிரி எதுவும் தவறிப் போகாமல் இருக்க, மனுஷன் கேசட்டை வீட்டுக்கே கொண்டுவந்து மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு வெட்டியிருக்கிறார். அப்போது திரையில் சிவப்புத் தொப்பிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். ஒரு குட்டையான ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கோப்பை வந்தது.

காய்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நான் சிரித்தேன். உங்களிடம் மறைப்பானேன், அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் நான் சில தடவைதான் இருந்திருக்கிறேன். அவளுக்கு ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டால் வாப்பா என்னைத்தான் வைத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். வெட்டாத கேசட் கேம்ப் கேட்டைத் தாண்டக் கூடாது என்பதும், பீர் விளம்பரத்தோடு கேசட்டை வெளியே கொண்டு வந்து பிடிபட்டால் வேலை மட்டுமல்ல, ஜெயில்கூட உண்டு என்று சாச்சா பயந்துகொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. கேசட்டைப் போடுமுன் வழக்கம்போல் அவளைக் கேட்டார்கள். தரையைப் பார்த்தாள். "சிவப்புத் தொப்பி. இன்னைக்கோட முடிஞ்சுரும்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். "அவ சும்மா சொல்றா! அவ கேசட்டை முன்னாடியே பாத்துட்டா! சாச்சா புதன்கிழமை வீட்டுக்குக் கொண்டாந்து ரூமுக்குள்ள போட்டுப் பாக்குறாக. நான் பால்கனிலேருந்து பாத்தேன்!"

டைம்கீப்பர் என்னையும் சாச்சாவையும் மாறி மாறிப் பார்த்தார். "கியா போல்தி ஹை பச்சி?" என்று கேட்டார், குழந்தை என்ன சொல்கிறது என்று.

வாப்பா சாச்சாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரிக்கிற பழக்கமே இல்லாதவர். "ஜலன் ஹை பாய், ஜலன். பொறாமை. அவளச் சொல்லுறாக, என்னையச் சொல்ல மாட்டேங்குறாகன்னு எம் மவளுக்கு வயிறெரியுது." முதலில் இந்தியிலும் பிறகு தமிழிலும் சொன்னார். உடனே எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் பொறாமைதான் ஊரறிந்ததாயிற்றே.

"பொய் இல்ல! நான் சாட்சி சொல்றேன். கடைசில அந்தக் குட்டை ஆளு" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அறை விழுந்தது. வாப்பா என்னை அதற்கு முன் அடித்ததில்லை. அதற்குப் பின்னும் அடித்ததில்லை. இடது கன்னம், காதோடு சேர்த்து. "பொய் பேசுற வாயி" என்றார். கலர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தாள்.

அதன்பின் நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஹாலில் எப்போது கத்துவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கத்தினார்கள். சிவப்புத் தொப்பி மூன்றாவது வருஷமாகக் கோப்பையை வாங்கிவிட்டது. அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றினார்கள் போலிருக்கிறது, தலை ஃபேனில் இடிக்கப்போகிறது என்று சாச்சி கத்தினார்.

லீவு வரைக்கும்கூட வாப்பா காத்திருக்கவில்லை. இரண்டே வாரத்தில் உம்மாவையும் என்னையும் அனுப்பிவிட்டார். "ராசிக்காரப் புள்ள இங்க இருக்கட்டும், வீட்டுக்கு வரக்கத்தா இருக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். உம்மா அழுததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏர்போர்ட்டில் என் தலைத் தட்டத்தைச் சரி செய்துவிட்டு, "ஊர்ல போயி நல்லாப் படி. வாயக் கொஞ்சம் கொறச்சுக்க" என்றார். அதற்கு நான் ஸலாம்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்பதில் நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. கரையானை ஒழித்தோம். உம்மா சாச்சியோடு பேச்சை விட்டுவிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வாப்பா வந்தார், நான் வளர்ந்துவிட்டதால் அவர் கைமேல் தலை வைத்துப் படுக்கிற பேச்சே இல்லை. கடிதங்கள் வரும். வாப்பா எழுதியது பாதிப் பக்கம் இருக்கும். அடியில் மீதி இடத்தில் அவள் அழகான இங்கிலீஷில் இரண்டு வரி எழுதியிருப்பாள். அந்த இடத்தையும் வாப்பாவே எழுதியிருக்கலாமே என்று தோன்றும். பதினெட்டு வருஷம் கழித்து நெஞ்சுவலியோடு ஊருக்குத் திரும்பினார். எட்டு மாதம் இருந்தார். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உம்மாவிடமாவது சொல்லியிருப்பாரா என்று கேட்க இப்போது உம்மாவும் இல்லை.

நான் இப்போது பர் துபாயில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவள் கிரீக்குக்கு அந்தப் பக்கம் தேராவில் இருக்கிறாள். சாச்சா அவளோடுதான். எண்பத்து நாலு வயது, கண் மங்கிவிட்டது, ஞாபகம் மட்டும் கத்தி மாதிரி. குரூப்பில் அந்த மெசேஜ் வந்த மறுநாள் காலையில் அப்ரா படகில் ஏறி அக்கரைக்குப் போனேன்.

டீ குடித்துக்கொண்டே, "நம்ம குரூப்புல வெள்ளிக்கிழமை பேஸ்பாலப் பத்திப் பேசிக்கிட்டாக சாச்சா" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ அன்னைக்குச் சொன்னது நெசந்தாம்மா" என்றார்.

"தெரியும் சாச்சா. என்னையத்தான் யாரும் நம்பல."

"யாரு நம்பல? ஒன் வாப்பா நம்புனாக. அன்னைக்குத்தான் அவகளுக்கும் தெரியும். என் மொகத்த ஒரு பார்வ பாத்தாக. எல்லாம் வெளங்கிப் போச்சு. நீ அந்தக் குட்டையனப் பத்திச் சொல்லி முடிச்சு, யாராச்சும் அத இந்தில சொல்லியிருந்தா, கேசட்டுல அவன் அழுறதப் பாத்ததும் டைம்கீப்பரு நம்பியிருப்பான். அதுக்குத்தான் அடிச்சாக."

அவள் கிச்சனிலிருந்து வந்து கதவருகே நின்றாள். சாச்சா நிறுத்தவில்லை.

"மறுநா டூட்டியில அவன் என்னையக் கேட்டான். ஒங்கண்ணன் மவளக் கூட்டிட்டு வா, நான் இந்தில கேட்டுப் பாக்குறேன்னான். நான் காக்காக்கிட்ட வந்து அழுதேன். என் வேல போனா ஃபிளாட் போயிரும். ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுல. காக்கா ஒரு நாப்பூரா யோசிச்சாக. எம் மவளுக்குப் பொய் சொல்ல வராது, கேட்டா உள்ளதச் சொல்லிப்புடுவா, அவ இங்க இருக்கக் கூடாதுன்னாக. அதுக்கப்புறம் ராசி கீசின்னதெல்லாம் வெளியாளுக்குச் சொன்னது ம்மா."

காக்கா என்று அவர் சொன்னது என் வாப்பாவைத்தான். நாற்பத்தைந்து வருஷமாக அவள் ராசியின்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். அப்படி ஒன்று இருக்கவே இல்லை. பொய்க்காரி என்று பட்டம் கட்டி என்னை அனுப்பியவர், பொய் சொல்ல வராது என்பதற்காகத்தான் அனுப்பியிருக்கிறார். மனைவியும் மகளும் இல்லாமல் பதினெட்டு வருஷம் தம்பி வீட்டு ஹாலில் படுத்திருக்கிறார். அவருக்கு நான் ஸலாம் சொல்லாமல் விமானம் ஏறினேன்.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒனக்குத் தெரியும்னுல ராத்தா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "பெரிய வாப்பா வெள்ளிக்கிழம சோத்துல கை வச்சா ஒம் பேச்சுத்தான். எனக்குக் கல்யாணம் ஆகிப் போற வரைக்கும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

"என்னா சொல்லுவாக?"

"எம் மவ பொய் சொல்ல மாட்டா. எம் மவள நான் அடிச்சிப்புட்டேன். இதேதான், ஒவ்வொரு வாரமும்."

என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எட்டு மாதம் பக்கத்து ரூமில் இருந்தார், சொல்லவில்லை. எனக்கு வர வேண்டிய அந்தப் பேச்சும் வாரம் தவறாமல் அவள் காதில் விழுந்திருக்கிறது. எரிந்தது. பழைய இடத்திலேயே, அதே உள்ளங்கை அகலத்துக்கு.

"எப்படிச் சொல்லுவாக?" என்றேன். "அவக சொல்ற மாதிரிச் சொல்லிக் காட்டு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, "எம் மவ பொய் சொல்ல மாட்டா" என்றாள். சாச்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அச்சு அசல் காக்காதான்" என்றார்.

இருக்கும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அந்தக் குரலை அவ்வளவு கேட்டதில்லை.